மண்ணுக்கு நாடி பார்த்த மகா என்ஜினீயர்

உடம்பு சரியில்லை என்றால் வைத்தியரிடம் போகிறோம். அவர் நாடி பிடித்துப் பார்க்கிறார். உள்ளே என்ன கோளாறு என்று தெரிந்துகொள்கிறார்.

மண்ணுக்கும் நாடி பார்க்க முடியும் என்று காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் கார்ல் டெர்சாகி. ஆஸ்திரியா நாட்டுக்காரர். மண் இயல் என்னும் விஞ்ஞானத்துக்கு அவரே தந்தை என்று உலகத்து என்ஜினீயர்கள் எல்லாரும் போற்றுகிறார்கள்.

அவர் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனாலும் அவர் வகுத்துக் கொடுத்த வழியில்தான் பெரிய நகரங்களின் அடியில் பாதாள ரெயில்பாதை வெட்டப்படுகிறது. சென்னை அண்ணா சாலையின் அடியில் ரெயில் ஓடுகிறது. மேலே மாடிக் கட்டடங்கள் அசையாமல் நிற்கின்றன. அதற்கு ஆதாரமான வித்தை அவர் தேடிக் கண்டுபிடித்தது.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் பாதாள ரெயில் இல்லை. அந்தப் பக்கத்து மண் செம்மண், அடியில் செம்புறாங்கல். நூறு ஆண்டுக்கு முன்பு கட்டிய பெரிய பெரிய வீடுகள் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று சென்னையில் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். அந்த வீடுகளின் கால்கள் மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்கின்றன. பக்கத்தில் சுரங்கம் வெட்டினால் அந்தக் கால்களுக்கு என்ன ஆகும்?

அதைத் தெரிந்துகொள்ள டெர்சாகியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முரட்டு மாணவர்

டெர்சாகி 1883-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி பிராக் நகரில் பிறந்தார். அந்த ஊர் அப்போது ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. தகப்பனார் ராணுவ அதிகாரி. டெர்சாகி சிறுவனாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார்.

ராணுவக் குடும்பத்துப் பிள்ளை ராணுவத்திலேயே சேர வேண்டும் என்று ராணுவப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பையனுக்குக் கணக்கு நன்றாக வந்தது. ராணுவத்தில் மனம் செல்லவில்லை.

பிறகு கிராட்ஸ் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து யந்திரத் தொழில் படித்தார். படித்தார் என்பதைவிடக் கலாட்டா செய்தார் என்பதே பொருத்தம். குடி, கும்மாளம், கத்திச் சண்டை என்று பொழுது போயிற்று. கல்லூரியை விட்டே அவரைத் துரத்திவிடலாமா என்று பேச்சு வந்தது. ஒரு பேராசிரியர் பரிந்து பேசிக் காப்பாற்றினார். அந்த ஒருவர் இல்லை என்றால் இந்தக் கதையே இல்லை!

1904-ல் பட்டம் பெற்றார். பிறகு ஓராண்டு கட்டாய ராணுவ சேவை. அந்த ஓராண்டில் அவர் சும்மா இருக்கவில்லை. பாறைகளையும் மண்ணையும் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். படித்தது யந்திரம், மனம் லயித்தது பூமியில்!

இரும்புக்குக் கணக்கு, மண்ணுக்கு?

கட்டட வேலை செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். குரோவேஷியா மலைகளிலும் ரஷ்யாவிலும் வேலை பார்த்தார். அணைகள், மின்சார நிலையங்கள், பெரிய கட்டடங்களின் அஸ்திவாரங்கள் என்று எல்லாவற்றையும் நேரில் பார்த்தார்.

ஒரு விஷயம் அவர் மனத்தை உறுத்தியது.

ஓர் இரும்புக் கம்பி எவ்வளவு பாரம் தாங்கும்? கணக்கு உண்டு. ஒரு கருங்கல் தூண் எவ்வளவு தாங்கும்? அதற்கும் கணக்கு உண்டு. ஆனால் இரும்பும் கல்லும் கடைசியில் எதன்மேல் நிற்கின்றன? மண்ணின்மேல்! அந்த மண் எவ்வளவு தாங்கும் என்பதற்கு மட்டும் சரியான கணக்கு இல்லை. அனுபவசாலிகள் காலால் மிதித்துப் பார்த்தார்கள், கையால் பிசைந்து பார்த்தார்கள், வேலையைத் தொடங்கினார்கள். சில கட்டடங்கள் நின்றன. சில சாய்ந்தன. அணைகள் உடைந்தன. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

1912-ல் டெர்சாகி அமெரிக்கா போனார். அங்கே பெரிய பெரிய அணைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் ஊராகச் சுற்றினார். எந்த மண்ணில் எந்த வேலை ஜெயித்தது, எது தோற்றது என்று குறித்துக்கொண்டே போனார். கையில் காசு தீர்ந்தபோது பாறையில் துளை போடும் கூலி வேலைகூடச் செய்தார்.

1913 கடைசியில் ஊர் திரும்பினார். மூட்டை மூட்டையாகக் குறிப்புகள் இருந்தன, பிடி கிடைக்கவில்லை. காரணம் பிறகுதான் அவருக்குப் புரிந்தது. எல்லாரும் மணல் என்றார்கள், களிமண் என்றார்கள். எவ்வளவு இறுக்கமான மணல், எவ்வளவு ஈரமான களிமண் என்று யாரும் அளந்து சொல்லவில்லை. பெயர் மட்டும் இருந்தால் போதாது, அளவு வேண்டும் என்று கண்டுகொண்டார்.

சுருட்டுப் பெட்டிச் சோதனை

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. டெர்சாகி ராணுவத்துக்குப் போனார். 1916-ல் துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரத்தில் என்ஜினீயரிங் பள்ளியில் ஆசிரியராக அனுப்பப்பட்டார். 1918-ல் ஆஸ்திரியாவும் துருக்கியும் போரில் தோற்றன. டெர்சாகியின் வேலை போயிற்று.

அதே ஊரில் அமெரிக்கர்கள் நடத்திய ராபர்ட் கல்லூரி அவருக்கு இடம் கொடுத்தது. சம்பளம் சொற்பம். ஆராய்ச்சி செய்யக் கருவிகள் கிடையாது.

டெர்சாகி கலங்கவில்லை. கல்லூரியில் கழித்துப் போட்ட குப்பை மேட்டுக்குப் போனார். உடைந்த சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். காலியான சுருட்டுப் பெட்டிகளைச் சேர்த்தார். அவற்றைக்கொண்டு தாமே கருவிகள் செய்தார். மண்ணைப் பெட்டியில் இட்டு, மேலே பாரம் வைத்து, எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல; ஆண்டுக்கணக்கில் அளந்தார்.

என்னென்ன சோதனைகள் செய்ய வேண்டும் என்பதை ஒரே ஒரு தாளில் அவர் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளிலிருந்து ஒரு புது விஞ்ஞானமே பிறந்தது!

தயிர் மூட்டை ரகசியம்

அவர் கண்ட உண்மையை நம் வீட்டுப் பெண்களுக்கு எளிதில் விளக்கிவிடலாம்.

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடுகிறோம். சொட்டுச் சொட்டாக நீர் வடிகிறது. வடிய வடியத் தயிர் இறுகுகிறது, மூட்டை சிறுக்கிறது. மேலே ஒரு கல்லை ஏற்றி வைத்தால் இன்னும் இறுகும். ஆனால் கல்லை வைத்த அந்த நிமிடமே இறுகிவிடாது. நீர் வடிய நேரம் வேண்டும்.

ஈரக் களிமண்ணும் அப்படித்தான். மண் மணிகளுக்கு நடுவே தண்ணீர் இருக்கிறது. மேலே கட்டடம் எழுந்ததும் முதலில் அந்தத் தண்ணீர்தான் பாரத்தை ஏற்கிறது. பிறகு தண்ணீர் மெல்லக் கசிந்து விலகுகிறது. அப்போது பாரம் மண் மணிகளின்மேல் இறங்குகிறது. மணிகள் நெருங்குகின்றன. மண் இறுகுகிறது. கட்டடம் தாழ்கிறது.

மணலில் தண்ணீர் சட்டென்று வடிந்துவிடும். களிமண்ணில் மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆகும். கட்டி முடித்துப் பல ஆண்டுகள் கழித்துச் சில வீடுகளில் விரிசல் விடுகிறதே, அதற்கு இது ஒரு காரணம். பேய் பிசாசு வேலை அல்ல!

இதைக் கணக்காக எழுதி 1925-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1929-ல் வியன்னாவில் பேராசிரியரானார். ரூத் என்ற அமெரிக்கப் பெண்ணை 1930-ல் மணந்தார். அந்த அம்மையார் பாறை இயல் படித்தவர். கணவரின் ஆராய்ச்சியிலும் துணையாக இருந்தார்.

1936-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மண் இயல் பற்றிய முதல் உலக மாநாடு நடந்தது. டெர்சாகியே தலைவர். 1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. அந்த ஆண்டே டெர்சாகி குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறினார்.

அவர் வந்து இறங்கியதும் ஒரு பெரிய சோதனை காத்திருந்தது.

கடைக்காரர்களின் கவலை

அமெரிக்காவில் சிக்காகோ என்ற மாநகரம் இருக்கிறது. பெரிய ஏரி ஒன்றின் கரையில் எழுந்த ஊர். அடியில் மெத்தென்ற களிமண். அந்த மண்ணின்மேல் வானளாவிய கட்டடங்கள்!

அந்த ஊரின் முக்கிய வீதியான ஸ்டேட் வீதியின் அடியில் பாதாள ரெயில் விட நகரசபை முடிவு செய்தது. 1938 டிசம்பரில் வேலை தொடங்கியது. தரைக்குச் சுமார் 40 அடி கீழே சுரங்கம் வெட்ட வேண்டும்.

வீதியின் இருபுறமும் பெரிய கடைகள். கடை முதலாளிகளுக்குத் தூக்கம் போயிற்று. அடியில் மண்ணைத் தோண்டினால் மேலே கட்டடம் என்ன ஆகும்? வாழ்நாளெல்லாம் சேர்த்த சொத்து விரிசல் விட்டுப் போகுமா?

அந்தச் சமயத்தில் டெர்சாகி சிக்காகோவில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பெரிய நகரங்களின் அடியில் மெதுவான களிமண்ணில் சுரங்கம் வெட்டுவதில் உள்ள ஆபத்தை விளக்கினார். கேட்டவர்கள் திகைத்தார்கள். கடை முதலாளிகளும் அவரைத் தங்கள் பக்கம் அழைத்தார்கள், நகரசபையும் அழைத்தது.

அவர் நகரசபையின் பக்கம் சேர்ந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அங்கே ஒரு மண் சோதனைச்சாலை வைக்க வேண்டும். அதற்குத் தாம் சொல்லும் ஆளைத் தலைவராக நியமிக்க வேண்டும் என்றார். நகரசபை சம்மதித்தது. ரால்ப் பெக் என்ற 26 வயது இளைஞரை அனுப்பினார்.

தரைக்குள் நிற்கும் தூண்கள்

சுரங்கம் கட்டடத்தை எப்படிப் பாதிக்கும்? முதலில் கட்டடத்தின் கால்களைப் பார்ப்போம்.

செட்டிநாட்டு வீடுகளின் வளவைச் சுற்றி வரிசையாக நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். கூரையின் பாரத்தை அவை தாங்குகின்றன. அதேபோன்ற தூண்களைத் தரைக்குள் ஆழமாக இறக்கி, அவற்றின் தலையில் கட்டடத்தை எழுப்பினால் எப்படி இருக்கும்? அதுதான் பைல் அஸ்திவாரம். பைல் என்பது தரைக்குள் நிற்கும் தூண். பழைய காலத்தில் மரத்தால் செய்தார்கள். இப்போது கம்பி கட்டிய கான்கிரீட்டில் செய்கிறார்கள். மேல்மண் பலமில்லாத இடத்தில் உயரமான கட்டடங்களுக்குப் பைல் போடுவது வழக்கம்.

பைலுக்குப் பலம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, அதன் அடி நுனி கெட்டியான மண்ணிலோ பாறையிலோ ஊன்றி நிற்பது. மற்றொன்று, சுற்றிலும் உள்ள மண் அதை இறுகப் பிடித்துக்கொள்வது. பந்தக்காலை அசைத்துப் பிடுங்கிப் பாருங்கள். மண்ணின் பிடி எப்படிப்பட்டது என்று தெரியும்.

சிக்காகோவில் பழைய கட்டடங்கள் அகலமான அஸ்திவாரத்தின்மேல் நின்றன. சில மரப் பைல்களின்மேல் நின்றன. மிக உயர்ந்த கட்டடங்களின் கால்கள் அடியில் உள்ள கெட்டி மண் வரையிலும், பாறை வரையிலும்கூட இறங்கியிருந்தன.

19 குடம் மண்

சுரங்கம் வெட்டும்போது என்ன நடக்கிறது? வெட்டிய பள்ளத்தை நோக்கிச் சுற்றிலும் உள்ள மண் கொஞ்சம் நகர்ந்து வருகிறது. வெளியே எடுக்கும் மண் சுரங்கத்தின் அளவைவிடச் சற்று அதிகமாகிவிடுகிறது. அந்த அதிகப்படி மண் எங்கிருந்து வந்தது? மேலே இருந்துதான்! ஆகவே தரை தாழ்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 6 மீட்டர் குறுக்களவுள்ள சுரங்கம் 20 மீட்டர் ஆழத்தில் போகிறது. ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 28 கன மீட்டர் மண் வெட்ட வேண்டும். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு அதிகமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது 280 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் சுமார் 19 குடம் மண்!

களிமண் பூமியாக இருந்தால் சுரங்கத்துக்கு நேர் மேலே தரை சுமார் 11 மில்லிமீட்டர் தாழும். அரை அங்குலம்கூட இல்லை. பக்கவாட்டில் போகப் போகத் தாழ்வு குறையும். 25, 30 மீட்டர் தள்ளிப் போனால் அநேகமாக ஒன்றும் இராது. கவிழ்த்து வைத்த மணியைத் தலைகீழாகத் திருப்பியது போன்ற ஒரு சாய்வான பள்ளம் தரையில் விழுகிறது. அதே மண்ணில் வேலை கவனக்குறைவாக நடந்து நூற்றுக்கு மூன்று பங்கு வந்துவிட்டால், தாழ்வு ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் போய்விடும்.

கட்டடம் முழுவதும் ஒரே அளவாகத் தாழ்ந்தால் பெரிய கேடு இல்லை. கட்டிலின் நான்கு கால்களையும் ஒரே அளவு குறைத்தால் கட்டில் தட்டையாகவே இருக்கும். ஒரு காலை மட்டும் குறைத்தால்? ஆடும்! கட்டடமும் அப்படித்தான். ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் நின்றால் சுவர் கிழிகிறது. கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து குறுக்கே விரிசல் ஓடுகிறது.

மூன்று வித ஆபத்து

பைல் போட்ட கட்டடத்துக்கு இந்தத் தொல்லை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தொல்லை வேறு உருவத்தில் வருகிறது. பைலின் நுனி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அது மூன்று விதம்.

முதலாவது: பைலின் நுனி சுரங்கத்துக்கு நேர் மேலே நிற்கிறது. காலுக்கு அடியில் உள்ள மண்ணையே உருவுவது போல ஆகிறது. பைல் தரையோடு சேர்ந்து இறங்கும். சில சமயம் தரையைவிட அதிகமாகவும் இறங்கும்.

இரண்டாவது: பைல் சுரங்கத்தை ஒட்டிப் பக்கவாட்டில் நிற்கிறது. மண் சுரங்கத்தை நோக்கி நகரும்போது பைலையும் சேர்த்துத் தள்ளுகிறது. பைல் வில்லைப் போல வளைகிறது. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கச் செய்த தூண் அது. பக்கத்திலிருந்து தள்ளினால் தாங்க அதற்குத் தனியாகக் கம்பிப் பலம் வேண்டும். இல்லாவிட்டால் மண்ணுக்குள்ளேயே விரிசல் விடும். மேலே இருப்பவருக்குத் தெரியாது!

மூன்றாவது: பைலின் நுனி சுரங்கத்தையும் தாண்டி வெகு ஆழத்தில் கெட்டி மண்ணில் நிற்கிறது. கால் அசையாது. ஆனால் மேலே உள்ள மண் தாழும்போது பைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தானும் இறங்குகிறது. நிற்கும் தாயின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குழந்தை தொங்கினால் தாய்க்கு எப்படி இருக்கும்? அப்படி ஓர் அதிகப்படி பாரம் பைலின்மேல் ஏறுகிறது. பைல் பலமாக இருந்தால் கட்டடம் நிற்கும். ஆனால் சுற்றியுள்ள தரை மட்டும் தாழும். வாசற்படி பிளக்கும். தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் இணைப்பில் முறியும்.

இன்னொன்றும் உண்டு. வீட்டுக்குப் பைல் போட்டுவிட்டு, பிறகு சேர்த்துக் கட்டிய முன்கட்டுக்குச் சாதாரண அஸ்திவாரம் போடுவார்கள். தரை தாழ்ந்தால் முன்கட்டு இறங்கும், வீடு நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் பிளவு நிச்சயம்.

தினமும் அளந்தார்கள்

சிக்காகோவில் டெர்சாகியும் பெக்கும் என்ன செய்தார்கள்? அளந்தார்கள்!

வீதியிலும் கட்டடங்களிலும் அடையாளப் புள்ளிகள் வைத்தார்கள். அவை எவ்வளவு தாழ்கின்றன என்று மட்டம் பார்க்கும் கருவியால் இடைவிடாமல் அளந்தார்கள். சுரங்கத்துக்குள்ளும் போய், களிமண் சுவர் எவ்வளவு பிதுங்குகிறது என்று பார்த்தார்கள்.

அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. வெட்டிய இடத்துக்கு இரும்புத் தகடும் கான்கிரீட்டும் வைத்துத் தாங்கல் கொடுப்பதற்கு முன்பே, களிமண் பிசைந்த மாவைப் போல உள்ளே பிதுங்கி வந்துவிடுகிறது. தரை தாழ்வதற்குப் பெரும் காரணம் அதுதான்.

நோய் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது. எந்தப் பகுதியை முதலில் வெட்டுவது, எவ்வளவு வெட்டியதும் தாங்கல் கொடுப்பது என்ற முறைகளை மாற்றினார்கள். மாற்றிய பிறகு மறுபடி அளந்தார்கள். தாழ்வு குறைந்தது. 1943 அக்டோபரில் ஸ்டேட் வீதியின் அடியில் ரெயில் ஓடியது.

முன்கூட்டியே எல்லாம் தெரியும் என்று டெர்சாகி இறுமாக்கவில்லை. மண்ணிடம் கேட்டுக் கேட்டு வேலை செய்தார். கணக்குப் போடு, வேலையைத் தொடங்கு, அளந்து பார், தவறு தெரிந்தால் உடனே மாற்று என்பதே அவர் முறை. இன்று உலகம் முழுவதும் பின்பற்றப்படும் முறை இது.

1948-ல் டெர்சாகியும் பெக்கும் சேர்ந்து எழுதிய மண் இயல் புத்தகம் என்ஜினீயர்களின் வேதமாயிற்று. கடைசிக் காலம் வரை டெர்சாகி பல நாடுகளின் அணைகளுக்கு ஆலோசனை கூறிவந்தார். கனடாவில் அவர் வேலை பார்த்த அணை ஒன்றுக்குப் பிறகு அவர் பெயரையே வைத்தார்கள். 1963-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி அமெரிக்காவில் வின்செஸ்டர் என்ற ஊரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

மரக்கால் நகரம்

குருவின் பணியைச் சீடர் தொடர்ந்தார். சுரங்கத்தின் மேலே தரை மணிபோல வளைந்து தாழும் கணக்கை 1969-ல் மெக்சிக்கோ நகர மாநாட்டில் பெக் எடுத்து வைத்தார். அது இன்றும் என்ஜினீயர்களுக்குப் பாலபாடம்.

இந்தக் கணக்குக்குப் பெரிய பரீட்சை ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் நடந்தது. அந்த ஊரின் பழைய பகுதி முழுவதும் மரப் பைல்களின்மேல் நிற்கிறது. 1648-ல் தொடங்கிக் கட்டிய அரண்மனை ஒன்றுக்கு மட்டும் 13,659 மரப் பைல்கள்! தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் வரை அந்த மரம் கெடாது. நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் உளுத்துப்போகும்.

அந்த ஊரின் அடியில் பாதாள ரெயில் வேலை நடந்தபோது, 2008-ல் ஒரு நிலையத்துக்காக வெட்டிய பள்ளத்தின் சுவர் வழியே தண்ணீர் கசிந்தது. பக்கத்தில் இருந்த பழைய வீடுகள் பல அங்குலம் தாழ்ந்தன. குடியிருந்தவர்கள் வெளியேற நேர்ந்தது. வேலை நின்றது. காரணத்தைக் கண்டறிந்து, முறையை மாற்றி, மறுபடி தொடங்கினார்கள். தானாகவே சுழன்று சுழன்று கட்டடங்களை அளக்கும் கருவிகளை வீதிகளில் பொருத்தினார்கள். 2018 ஜூலையில் ரெயில் ஓடியது.

அண்ணா சாலையின் அடியில்

இனி நம் சென்னைக்கு வருவோம். 2012-ல் சென்னையில் பாதாளப் பாதை தோண்டும் வேலை தொடங்கியது. வெட்டியது மனிதர்கள் அல்ல, ராட்சத யந்திரங்கள். யந்திரத்தின் முகப்பில் வெட்டிய மண்ணையே அடைத்து வைத்து, எதிரே உள்ள மண் பிதுங்கி வராமல் அழுத்திப் பிடிக்கிறார்கள். பின்னாலேயே கிணற்றுக்கு உறை இறக்குவது போலக் கான்கிரீட் வளையங்களைப் பொருத்துகிறார்கள். வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள சந்தில் சிமெண்டுக் கலவையைச் செலுத்தி அடைக்கிறார்கள். சிக்காகோவில் கண்ட பாடத்தை யந்திரமாகவே செய்துவிட்டார்கள்!

ஆனாலும் மண் சில சமயம் ஏமாற்றிவிடும். சென்னை மண் ஓரிடத்தில் மணல், சற்றுத் தள்ளிக் களிமண், அப்புறம் பாறை. 2017 ஏப்ரல் 9-ந் தேதி அண்ணா சாலையில் சாலை திடீரென்று உள்வாங்கியது. ஒரு மாநகரப் பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆபத்து ஏட்டில் மட்டும் இருப்பதல்ல என்று ஊருக்கே தெரிந்தது.

அதே அண்ணா சாலையில்தான் எல்.ஐ.சி. கட்டடம் இருக்கிறது. உயரம் 177 அடி. அதைக் கட்டத் திட்டமிட்டவர் செட்டிநாட்டுப் பெருமகன் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியை நிறுவிய அதே பெரியவர்தான். கட்டடம் எழுந்துகொண்டிருந்தபோது, 1954 மார்ச் 13-ந் தேதி சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மாண்டார். 1959 ஆகஸ்டு 23-ந் தேதி கட்டடம் திறக்கப்பட்டது. ஊரில் இருந்து வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து மாடிகளை எண்ணிய கட்டடம்!

60 ஆண்டுக்குப் பிறகு அதன் ஓரமாகவே சுரங்கம் போயிற்று. 2019 பிப்ரவரி 10-ந் தேதி அந்த வழியில் ரெயில் ஓடத் தொடங்கியது. கட்டடத்தின் பெயரிலேயே ஒரு பாதாள நிலையமும் அமைந்தது. மேலே கட்டடம்; கீழே ரெயில். இரண்டும் இருக்கின்றன.

2020-ல் சென்னையில் இரண்டாம் கட்ட ரெயில்பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆகவே இன்னும் பல வீடுகளின் அருகே சுரங்கம் போகவேண்டியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

வீட்டருகே சுரங்க வேலை வருகிறது என்றால் பயந்து ஓட வேண்டாம். பைல் இருக்கிறது என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம்.

வேலை தொடங்கும் முன்பு அதிகாரிகள் கட்டடங்களைப் பார்வையிட வருவார்கள். அவர்களுக்கு வழி விடுங்கள். அஸ்திவார வரைபடம் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். பைல் எவ்வளவு ஆழம் என்பது அவர்களுக்கு அவசியம் தெரிய வேண்டும். அது தெரியாமல் கணக்குப் போட முடியாது. வீடு கட்டியவர்களும் வாங்கியவர்களும் அந்தக் காகிதத்தைப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது நல்லது.

ஏற்கனவே உள்ள விரிசல்களைத் தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டும் பழைய முறை ஒன்று உண்டு. விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். கதவு திடீரென்று இழுத்துப் பிடித்தாலும், குழாய் இணைப்பில் நீர் கசிந்தாலும் அப்படியே. சுவரில் பொருத்தும் அளவுக் கருவிகளைப் பிள்ளைகள் விளையாட்டாகப் பிடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவைதான் வீட்டின் நாடி.

களிமண்ணாக இருந்தால் ரெயில் ஓடத் தொடங்கிய பிறகும் சில காலம் கவனம் தேவை. தயிர் மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் நீர் கசிந்தால் மண் மெல்ல மெல்ல இறுகும். ஆண்டுகள் கழித்தும் தாழும்.

காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 1952-ல் தொடங்கிய என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. கட்டடத் தொழில் படிக்கும் மாணவர்கள் எந்தக் கல்லூரியில் படித்தாலும் டெர்சாகியின் கணக்கைப் படிக்காமல் வெளியே வர முடியாது. பரீட்சைக்காக மட்டும் அதைப் படித்தால் போதாது. கல்லூரியை விட்டே துரத்தப்பட இருந்த ஒரு மாணவர், குப்பை மேட்டில் பொறுக்கிய பெட்டியை வைத்து அந்தக் கணக்கைக் கண்டார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மண் பேசாது. ஆனால் பொறுமையோடு அளந்து பார்ப்பவருக்கு அது எதையும் மறைக்காது. டெர்சாகி உலகத்துக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே.